பழைய செல்போனும் செக்கு எண்ணெயும்: இணையச் சந்தையில் யார் வியாபாரி?

இணையச் சந்தையில் விற்பவர்கள் இரண்டு வகை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய தையல் இயந்திரத்தையோ, பிள்ளை ஓட்டி முடித்த சைக்கிளையோ ஒருமுறை விற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்பவர் ஒருவர். வாங்கி வைத்தோ, சொந்தமாகத் தயாரித்தோ, லாபம் பார்த்துத் தொடர்ந்து விற்பவர் இன்னொருவர். ஐரோப்பாவில் ஈபே போன்ற தளங்கள் இவர்களுக்குத் தனித்தனி வாசல் வைத்திருக்கின்றன: முதலாமவருக்குத் தனிநபர் கணக்கு, இரண்டாமவருக்குத் தொழில் கணக்கு. கட்டணமும் பொறுப்பும் இரண்டுக்கும் வேறு. இந்தியாவில் அப்படி இரண்டு வாசல் கொண்ட பெரிய தளம் இன்று இல்லை. தனிநபர் போகும் தளம் வேறு, வியாபாரி போகும் தளம் வேறு. இரண்டுக்கும் நடுவே நிற்கும் சுவரைத் தளங்களைவிடச் சட்டமே அதிகம் எழுப்பியிருக்கிறது. தருமபுரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், காவிரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரியூர் போன்ற ஒரு ஊரிலிருந்து விற்க நினைப்பவருக்கு அந்தச் சுவரோடு இன்னொரு தடையும் குறுக்கே நிற்கிறது. அது மாநில எல்லை.

ஒரே தளத்தில் இரு வகையினரும் விற்ற காலம் இங்கேயும் இருந்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பாஸி.காம், ஏலமுறையில் யார் வேண்டுமானாலும் எதையும் விற்கலாம் என்று வந்த தளம். 2004இல் அதை ஈபே வாங்கியது. நாணயம் சேகரிப்பவரும் தபால்தலை சேகரிப்பவரும் செல்போன் கடைக்காரரும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் விற்றார்கள். 2017இல் ஈபேயின் இந்தியத் தொழில் ஃபிளிப்கார்ட்டின் கைக்குப் போனது. 2018 ஆகஸ்டில் அந்தத் தளம் மூடப்பட்டது. புத்தகக் கடையாக 2007இல் தொடங்கிப் பின்னர் பிறருக்கும் இடம் கொடுத்த ஃபிளிப்கார்ட்டும், 2013 ஜூனில் இந்தியாவுக்கு வந்த அமேசானும் ஆரம்பத்திலிருந்தே வியாபாரிகளை எண்ணிக் கட்டப்பட்ட சந்தைகள். அந்நிய முதலீடு உள்ள நிறுவனம் தன் சொந்தச் சரக்கை நேரடியாக நுகர்வோருக்கு விற்கக்கூடாது, பிறர் விற்பதற்கு மேடை மட்டும் தரலாம் என்பது இந்திய அரசின் கொள்கை. அதனால் அந்தத் தளங்களுக்கு லட்சக்கணக்கான சிறு வியாபாரிகள் தேவைப்பட்டார்கள். பழைய பொருளை விற்கும் தனிநபர் ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் சந்தை போன்ற விளம்பரத் தளங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்.

விளம்பரத் தளத்தில் நடப்பது எளிய காரியம். பொருளின் படத்தைப் போட்டு, விலையையும் ஊரையும் எழுதினால் போதும். வாங்க விரும்புபவர் தொடர்புகொள்கிறார்; நேரில் வந்து பார்த்து, பேரம் பேசி, பணம் கொடுத்து எடுத்துப் போகிறார். விற்பனையில் தளத்துக்குப் பங்கு கிடையாது. ஓஎல்எக்ஸில் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை விளம்பரம் இலவசம். அதற்கு மேல் போட வேண்டுமானாலும், விளம்பரம் பட்டியலின் மேலே தெரிய வேண்டுமானாலும் பணம் கட்ட வேண்டும். கார், வீடு, செல்போன் என்று வரிசையாக விளம்பரம் போடும் தரகர்களும் கடைக்காரர்களும் மொத்தமாகப் பணம் கட்டித் தொகுப்பு வாங்குகிறார்கள். பெயர் வைக்காவிட்டாலும் இதுதான் இந்தியாவின் தனிநபர் கணக்கும் தொழில் கணக்கும்.

தனிநபர் விற்பனைக்குச் சட்டம் தாராளமாகவே இடம் விட்டிருக்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், ஒரு தனிமனிதர் சொந்த முறையில் செய்யும் விற்பனை தங்களுக்குள் வராது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றன. அது வழக்கமாகவோ ஒழுங்குமுறையாகவோ செய்யும் தொழிலின் பகுதியாக இருக்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. தொழிலாகச் செய்யாத விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையிலேயே, ஒருவர் தன் பழைய நகையை நகைக்கடைக்கு விற்றால் அதற்கு வரி உண்டா என்ற குழப்பம் எழுந்து, அது தொழில் அல்ல, ஆகவே வரி இல்லை என்று மத்திய அரசு விளக்கம் தந்தது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பழைய வாகனங்களுக்கு 18 சதவீத வரி என்று பரிந்துரைத்தபோதும் இதே பதற்றம் வந்தது. வண்டியை வாங்கி விற்பதைத் தொழிலாகக் கொண்டு, ஜிஎஸ்டியில் பதிவும் செய்தவருக்கே அந்த வரி; அதுவும் அவருடைய லாபத்தின் மீது மட்டும். தன் பழைய மோட்டார் சைக்கிளைப் பக்கத்து ஊர்க்காரருக்கு விற்பவரை அது தொடாது.

வருமான வரியிலும் அதே தாராளம் உண்டு. செல்போன், கட்டில், தொலைக்காட்சிப் பெட்டி போன்ற சொந்தப் பயன்பாட்டுப் பொருள்கள் மூலதனச் சொத்து என்ற கணக்கிலேயே வருவதில்லை. அவற்றை விற்றுக் கிடைத்த தொகைக்கு மூலதன ஆதாய வரி இல்லை. தங்க நகை, ஓவியம், சிற்பம் போன்றவை விதிவிலக்கு. வாங்கிய விலைக்கு மேல் விற்றால் ஆதாயத்தைக் கணக்கில் காட்டியாக வேண்டும்.

இந்தச் சலுகைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு, வாங்குபவர் அதை உணர வேண்டும். தனிநபரிடம் வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் மின்வணிக விதிகளைக் காட்டித் திருப்பிக் கொடுக்க முடியாது. குறைதீர் அலுவலரும் இல்லை, பில்லும் இல்லை. விற்பவருக்கும் பாதுகாப்பு குறைவுதான். பணம் அனுப்புவதாகச் சொல்லி கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொல்லும் மோசடி பல ஆண்டுகளாக நடக்கிறது. யுபிஐயில் பணம் வாங்குவதற்கு யாரும் பின் எண் போட வேண்டியதில்லை. பின் எண் போட்டால் பணம் வெளியேதான் போகும். ஏமாந்தவர் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைப்பது நல்லது. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணத்தை மறித்துப் பிடிக்கும் வாய்ப்பு குறைகிறது.

தனிநபர் எந்த இடத்தில் வியாபாரி ஆகிறார்? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நுகர்வோர் விதிகள் வழக்கத்தையும் ஒழுங்கையும் பார்க்கின்றன. ஜிஎஸ்டி சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. அதன்படி ஒரு வியாபாரம் எத்தனை முறை நடந்தது, தொடர்ந்து நடந்ததா என்பதெல்லாம் பொருட்டே அல்ல. வியாபாரத் தன்மை இருந்தால் ஒரே ஒரு முறை நடந்தாலும் அது தொழில்தான். ஒருவர் தன் செல்போனை விற்கிறார் என்றால் அது சொந்த விற்பனை. அவரே சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் பழைய செல்போன்களை விலைக்கு வாங்கி, திரை மாற்றி, துடைத்து, கூடுதல் விலைக்கு ஓஎல்எக்ஸில் போட்டால், முதல் போனிலிருந்தே அது தொழில். தளத்தில் அவர் கணக்கு எந்தப் பெயரில் இருக்கிறது, வங்கியில் சேமிப்புக் கணக்கா நடப்புக் கணக்கா என்பது இதை மாற்றாது. விற்பதற்கென்றே வாங்கினாரா என்பதுதான் கேள்வி.

தொழில் ஆகிவிட்டது என்பதால் உடனே வரி கட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2019 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் இதுவே அளவு. இந்த 40 லட்சம் ஒரு பான் எண்ணின் கீழ் நடக்கும் எல்லா விற்பனையையும் சேர்த்தது. கடையில் விற்றது, இணையத்தில் விற்றது, வரியே இல்லாத பொருளை விற்றது எல்லாம் அதில் அடங்கும். பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 2025 ஜூலையில் வணிக வரித் துறை யுபிஐ வரவுகளை வைத்து ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பாலும் காய்கறியும் விற்றவர்களுக்கும் நோட்டீஸ் வந்தது. பலர் கியூஆர் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ரொக்கம் கேட்டார்கள். வரியில்லாப் பொருளுக்கு வரி கேட்கப்படாது என்று அரசு பிறகு விளக்கியது. செல்போனில் வரும் ஒவ்வொரு ரூபாயும் பதிவாகிறது என்பதை அந்த ஒரு மாதம் எல்லோருக்கும் காட்டியது. சொந்தக் கடன், நண்பர் திருப்பிக் கொடுத்த பணம், வியாபார வரவு மூன்றும் ஒரே எண்ணுக்கு வந்தால் பின்னால் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. விற்பனைக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளச் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், வைத்துக்கொள்வது நல்லது.

40 லட்சம் என்ற அந்த வரம்பு இணையச் சந்தையில் நெடுநாள் செல்லுபடியாகாமல் இருந்தது. தளம் வழியாக வரிக்குரிய பொருளை விற்பவர் ஒரு ரூபாய்க்கு விற்றாலும் ஜிஎஸ்டி எண் வாங்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. தெருமுனைக் கடைக்காரருக்குக் கிடைத்த விலக்கு, அதே பொருளை இணையத்தில் விற்றவருக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பாகுபாட்டை நீக்க ஜிஎஸ்டி கவுன்சில் 2022இல் ஒப்புக்கொண்டது. 2023 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரி ஜிஎஸ்டி எண் இல்லாமலே தளத்தில் விற்கலாம். அதற்கு அவர் ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணையும் தொழில் நடக்கும் முகவரியையும் தந்து ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். கட்டணம் இல்லை, மாதாந்திரக் கணக்குத் தாக்கலும் இல்லை. எண் கைக்கு வருவதற்கு முன்னால் விற்கக்கூடாது, ஒரு மாநிலத்தில் ஒரு எண்தான் என்பன போன்ற சில நிபந்தனைகள் உண்டு. அவற்றில் எல்லாவற்றையும்விடக் கனமானது, வேறு மாநிலத்துக்கு விற்கக்கூடாது என்பது.

ஏரியூரிலிருந்து பார்த்தால் இந்த நிபந்தனையின் கனம் புரியும். தருமபுரியிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். சென்னை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த வட்டாரத்து ஆட்கள் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போவது பெங்களூருக்கு. ராகியும் கடலையும் புளியும் இன்ன ருசி என்று தெரிந்து வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். ஏரியூரில் மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய் ஆட்டும் ஒருவர் சேர்க்கை எண்ணோடு தளத்தில் சேர்ந்தால், கன்னியாகுமரிக்கு எண்ணெய் அனுப்பலாம், ஓசூருக்கு அனுப்பலாம்; ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்து அத்திப்பள்ளிக்கு அனுப்பக்கூடாது. மாநிலத்தின் நடுவில் இருக்கும் திருச்சிக்காரருக்கு இந்த விதி பெரிய இழப்பு இல்லை. எல்லையோர மாவட்டத்துக்காரருக்கு அவருடைய மிக அருகிலுள்ள பெருநகரையே அது மூடிவிடுகிறது. ஒரே அளவு விற்கும் இரண்டு சிறு வியாபாரிகளில் ஒருவர் இருக்கும் இடத்தாலேயே பின்தங்குவது நியாயமல்ல. மாநிலங்களுக்கு இடையே வரியைப் பங்கிடும் கணக்கு குழம்பக்கூடாது என்பது இந்தத் தடைக்குச் சொல்லத்தக்க காரணம். ஆனால் வரியே கட்டாத சிறிய தொகையில் பங்கிடுவதற்கு என்ன இருக்கிறது? வெளிமாநில விற்பனைக்குச் சில லட்சம் ரூபாய் வரை தனி வரம்பு வைத்தாலே இந்தக் குறை தீரும். சேவைத் தொழில் செய்பவர்களுக்கு வெளிமாநில வேலையிலும் 20 லட்சம் வரை விலக்கு உண்டு. கைவினைப் பொருள்கள் சிலவற்றுக்கும் உண்டு. செக்கு எண்ணெய்க்கும் மாவுக்கும் ஊறுகாய்க்கும் இல்லை.

தளத்தை விட்டு வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் நேரடியாக விற்றால் தப்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. நேரடி விற்பனைக்குச் சேர்க்கை எண் வேண்டாம், தமிழ்நாட்டுக்குள் 40 லட்சம் வரை கேள்வியும் இல்லை. ஆனால் வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்குப் பார்சல் போட்டால், தொகை எவ்வளவு சிறிதானாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு செய்ய வேண்டியவர் செய்யாமல் விற்றால் அபராதம் 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, இதில் எது அதிகமோ அது.

பொருளுக்கே வரி இல்லையென்றால் நிலைமை மாறும். காய்ந்த புளிக்கு 5 சதவீத வரி இருந்தது. 2019 அக்டோபர் முதல் அது நீங்கியது. புளி விளையும் தருமபுரிக்கு அது சிறிய செய்தி அல்ல. வரி இல்லாத பொருளை மட்டுமே விற்பவருக்கும், தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயிக்கும் பதிவு செய்யும் கடமை இல்லை. ஆனால் அடைத்து லேபிள் ஒட்டுவதால் சில பொருள்களுக்கு வரி வந்துவிடுகிறது. 2022 ஜூலை 18 முதல் ராகி, அரிசி, மாவு வகைகளைச் சில்லறை அளவில் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினால் 5 சதவீதம்; மூட்டையிலிருந்து அளந்து கொடுத்தால் வரி இல்லை. இணையத்தில் அளந்து கொடுக்க வழி ஏது? கூரியரில் போவதெல்லாம் பாக்கெட்தான். ஆக, வாரச்சந்தையில் வரியில்லாத அதே ராகி மாவு இணையச் சந்தையில் வரிக்குரிய சரக்காகிறது. புத்தகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அச்சிட்ட புத்தகத்துக்கு வரி இல்லாததால், புத்தகம் மட்டும் விற்பவரை அமேசான் ஜிஎஸ்டி எண் இல்லாமலே சேர்த்துக்கொள்கிறது. மற்றவர்களிடம் அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் பொதுவாக ஜிஎஸ்டி எண் கேட்கின்றன. சேர்க்கை எண் மட்டும் உள்ளவர்களை ஆர்வத்தோடு வரவேற்ற பெரிய தளம் மீஷோ.

இனி கட்டணம். தளம் விற்பவரிடம் எடுக்கும் தொகைக்குப் பல பெயர்கள் உண்டு. விற்ற விலையில் இத்தனை சதவீதம் என்று எடுப்பது கமிஷன். பொருளின் வகையைப் பொறுத்து அது மாறும். ஒவ்வொரு ஆர்டருக்கும் விலைக்கேற்ப எடுப்பது நிலையான கட்டணம். எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப எடுப்பது அனுப்பும் கட்டணம். தளத்தின் கிடங்கில் சரக்கை வைத்தால் கிடங்கு வாடகை தனி, தேடும்போது பொருள் மேலே வர வேண்டுமென்றால் விளம்பரச் செலவு தனி. இந்தக் கட்டணங்கள் எல்லாவற்றின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். எண்ணெய்க்கு வரி 5 சதவீதம்தானே என்று நினைப்பவர்கள் இந்த 18 சதவீதத்தைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு உதாரணக் கணக்கு பார்க்கலாம். கட்டண அளவுகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒரு லிட்டர் செக்குக் கடலை எண்ணெயின் விலை, வரி உட்பட, 420 ரூபாய். கமிஷன் 10 சதவீதம் என்றால் 42 ரூபாய், நிலையான கட்டணம் 18 ரூபாய், அனுப்பும் கட்டணம் 70 ரூபாய். ஆக 130 ரூபாய். அதன் மீது 18 சதவீத வரி 23 ரூபாய் 40 காசு. மொத்தப் பிடித்தம் 153 ரூபாய் 40 காசு. விற்பவருக்கு மீதி 266 ரூபாய் 60 காசு. விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வழியிலேயே போய்விட்டது. கடலை, ஆட்டுகூலி, பாட்டில், அட்டைப்பெட்டி, மின்சாரம் எல்லாம் இந்த மீதியிலிருந்துதான் வர வேண்டும்.

விற்பவர் ஜிஎஸ்டியில் பதிவு செய்தவராக இருந்தால், 420 ரூபாயில் அடங்கியிருக்கும் 5 சதவீத வரியான 20 ரூபாயை அரசுக்குக் கட்ட வேண்டும். அதே சமயம் தளத்துக்குக் கொடுத்த 23 ரூபாய் 40 காசு வரியை அவர் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். கட்ட வேண்டிய 20 அதிலேயே தீர்ந்து, 3 ரூபாய் 40 காசு வரவும் நிற்கிறது. பதிவு செய்யாதவருக்கு அந்த 20 ரூபாய் பொறுப்பு இல்லை. 23 ரூபாய் 40 காசைக் கழிக்கவும் வழி இல்லை. கடைசியில் இருவர் கையிலும் நிற்பது ஏறக்குறைய ஒரே தொகைதான். ஜிஎஸ்டி எண் வாங்கினால் லாபம் போய்விடும் என்று அஞ்சுபவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் பொருளுக்கு ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். விலை குறைந்த, எடை கூடிய பொருளில் தளக் கட்டணம் பெரிதாக இருக்கும்; அங்கே பதிவு செய்தவருக்கே சாதகம். பெங்களூர்ச் சந்தையும் அவருக்குத் திறக்கும். பதிவால் வரும் உண்மையான செலவு வரியைவிடக் கணக்கு எழுதுவதில்தான். ஆடிட்டருக்கோ கணக்கு எழுதுபவருக்கோ மாதாமாதம் கொடுப்பது, ஒரு பாட்டில்கூட விற்காத மாதங்களுக்கும் கணக்குத் தாக்கல் செய்வது, மறந்தால் நாள் கணக்கில் ஏறும் தாமதக் கட்டணம். மாதம் முப்பது பாட்டில் விற்பவருக்கு இது கட்டுப்படியாகாது. முந்நூறு பாட்டில் விற்பவருக்குக் கட்டுப்படியாகும்.

நடுவழி ஒன்றும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ளவர்கள் இணக்க முறையில் பதிவு செய்து, விற்பனையில் 1 சதவீதம் மட்டும் கட்டலாம். வாங்குபவரிடம் தனியாக வரி கேட்கக்கூடாது, உள்ளீட்டு வரியும் கழிக்க முடியாது. இவர்களும் 2023 அக்டோபர் முதல் தளங்களில் விற்கலாம். ஆனால் இவர்களுக்கும் மாநில எல்லைதான் வேலி.

பதிவு செய்தவருக்கு இன்னும் இரண்டு சிறு பிடித்தங்கள் உண்டு. தளம் ஜிஎஸ்டி கணக்கில் அரை சதவீதமும், வருமான வரிக் கணக்கில் 0.1 சதவீதமும் பிடித்து அரசுக்குக் கட்டும். முதலாவது 2018இல் 1 சதவீதமாகத் தொடங்கி 2024 ஜூலையில் பாதியானது. இரண்டாவது 2020 அக்டோபரில் தொடங்கி 2024 அக்டோபரில் 0.1 ஆகக் குறைந்தது. மேலே சொன்ன எண்ணெய்க்கு இவை 2 ரூபாயும் 40 காசும். இவை செலவு அல்ல, முன்கூட்டிக் கட்டிய வரி. கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும் அல்லது கழிந்துவிடும். சேர்க்கை எண்ணில் விற்பவருக்கு ஜிஎஸ்டி பிடித்தம் கிடையாது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்குள் தளத்தில் விற்கும் தனிநபர் பான் எண்ணையோ ஆதாரையோ கொடுத்திருந்தால் வருமான வரிப் பிடித்தமும் கிடையாது. கொடுக்காதவருக்கு 5 சதவீதம் போய்விடும். இந்த ஒரு எண்ணைப் பதியாமல் விட்டுப் பணத்தை இழப்பது வீண்.

கமிஷனே இல்லை என்று தளங்கள் விளம்பரம் செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. மீஷோ 2021இல் கமிஷனை நீக்கியது. 2025 ஏப்ரலில் அமேசான் 300 ரூபாய்க்குள் விலையுள்ள ஒரு கோடிக்கும் மேற்பட்ட பொருள்களுக்குக் கமிஷனை விட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஃபிளிப்கார்ட் 1,000 ரூபாய்க்குள் உள்ள பொருள்களுக்கு அறிவித்தது. சிறு வியாபாரிக்கு இது நல்ல செய்தியே. ஆனால் மேலே உள்ள கணக்கில் கமிஷன் 42 ரூபாயையும் அதன் வரியையும் நீக்கிப் பார்த்தாலும் 100 ரூபாய்க்கு மேல் பிடித்தம் நிற்கிறது. கமிஷன் வாங்காத தளம் விளம்பரத்திலும் சரக்கு அனுப்புவதிலும் சம்பாதிக்கிறது. வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் விற்றதற்கு வந்த பணமும் போகும், பொருள் திரும்பி வரும் செலவு பல சமயம் விற்றவர் தலையிலும் விழும். கண்ணாடிப் பாட்டில் உடைந்து திரும்பினால் எண்ணெயும் இல்லை. ஒப்பிட வேண்டியது ஒரு பொருள் விற்றால் வங்கிக்கு வந்து சேரும் தொகையை. அதோடு நூறு ஆர்டரில் எத்தனை திரும்புகிறது என்பதையும்.

தளத்தின் கிடங்கில் சரக்கை வைத்தால் அனுப்புவது வேகமாகும், திரும்பி வருவதைக் கையாள்வதும் எளிது. ஆனால் ஜிஎஸ்டி பதிவு மாநிலம் மாநிலமாக எடுப்பது. பெங்களூர்க் கிடங்கில் எண்ணெயை வைக்க வேண்டுமானால் கர்நாடகத்திலும் ஒரு பதிவு வேண்டும். அங்கே இடமே இல்லாத ஏரியூர்க்காரருக்கு இது எட்டாத காரியம். பல மாநிலங்களில் தளம் வழியாக விற்கும் சிறு வியாபாரிகளுக்குப் பதிவை எளிதாக்கும் முறை ஒன்றுக்கு 2025 செப்டம்பரில் கூடிய 56ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கொள்கை அளவில் ஒப்புதல் தந்திருக்கிறது. அது எப்படி வடிவம் பெறுகிறது என்பது எல்லையோர ஊர்களுக்கு மற்ற எல்லாச் சலுகைகளையும்விட முக்கியம்.

வெளிநாட்டுத் தமிழர்கள் பார்க்கும் சந்தையில் கட்டணத்தின் போக்கு வேறு. ஜெர்மனியில் 2023 மார்ச்சிலும், பிரிட்டனில் 2024 அக்டோபரிலும் ஈபே தனிநபர் விற்பனைக்கான கட்டணத்தை எடுத்துவிட்டது. பிரிட்டனில் சில மாதங்களில் வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்று வசூலிக்கத் தொடங்கியது. தொழில் கணக்குக்குக் கட்டணம் அப்படியே இருக்கிறது. வியாபாரி தனிநபர் கணக்கில் ஒளிந்து விற்பது விதிமீறல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல், ஆண்டுக்கு 30 முறையோ அதற்கு மேலோ பொருள் விற்றவர் அல்லது 2,000 யூரோவுக்கு மேல் பெற்றவர் விவரத்தைத் தளம் வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். பிரிட்டனிலும் ஏறக்குறைய அதே அளவு. லண்டனில் அலமாரியைக் காலி செய்யப் பழைய பட்டுப்புடவைகளை விற்பவருக்கு இதனால் வரி வந்துவிடாது. காஞ்சிபுரத்திலிருந்து புடவை வரவழைத்து அதே கணக்கில் விற்பவர் அகப்பட்டுக்கொள்வார். விற்பதற்கென்றே வாங்கினாரா என்ற அதே கேள்விதான் அங்கேயும்.

வரியும் கட்டணமும் தவிர, தொழிலாக விற்பவருக்கு வேறு கடமைகள் உண்டு. உணவுப் பொருளென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சிறு உற்பத்தியாளருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். தன் நிலத்து விளைச்சலை அப்படியே விற்கும் விவசாயிக்கும், மீன் பிடித்து விற்பவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. கடலையாக விற்றால் வேண்டாம், எண்ணெயாக ஆட்டி விற்றால் வேண்டும். பாட்டிலில் தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, குறை சொல்லத் தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். 2018 ஜனவரி முதல் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தளத்தின் பக்கத்திலும் காட்டியாக வேண்டும். பழுதான பொருளையும், சொன்னதற்கு மாறான பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது. தானே வாடிக்கையாளர் போல நடித்துத் தன் பொருளைப் புகழ்ந்து எழுதக்கூடாது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராதபோது நுகர்வோர் 1915 என்ற எண்ணில் முறையிடலாம்.

பெரிய தளங்களுக்கு மாற்றாக அரசு ஆதரவோடு வந்தது ஓஎன்டிசி. 2022 ஏப்ரலில் சோதனை தொடங்கிய ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. இதில் விற்பவர் ஒரு செயலியில் பதிந்தால் வேறு செயலியில் தேடுபவருக்கும் பொருள் தெரியும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இதில் விற்கின்றன. தனியாக ஜிஎஸ்டி எண் வாங்கிக் கணக்கு எழுத முடியாத பத்து இருபது வீட்டுக்காரர்கள், அப்படி ஒரு நிறுவனமாகவோ குழுவாகவோ சேர்ந்து ஒரே பதிவில் விற்கலாம். கணக்கு எழுதும் செலவு பங்காகிவிடும். வெளிமாநில விற்பனையும் கைகூடும். ஏரியூர் போன்ற ஊர்களுக்கு இன்றைய சட்டத்துக்குள் பெங்களூர் வரை போக இருக்கும் சிக்கனமான வழி இதுதான்.